குதித்த கணக்கு

இந்தப் பக்கம் உட்காருங்கள் சார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பந்து வந்து விழும். பெஞ்சின் நடுக்கால் கொஞ்சம் ஆடும், ஓரமாக உட்கார்ந்தால் ஆடாது. நீங்கள் கட்டாயம் இருந்தே ஆக வேண்டுமா என்று தலைவர் முருகையாவிடம் கேட்டீர்களாம். ஆமாம் சார், இருக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஆடினால் ஆட்டம் முடிகிறவரை வீட்டு ஆள் ஒருவர் இந்த பெஞ்சில் இருக்க வேண்டும். போன சித்திரையில் எழுதிய விதி. மொத்தம் ஒன்பது விதி. முன்னால் ஐந்துதான் இருந்தது. இந்த ஒன்பதையும் எழுதிய பிறகு வருகிற முதல் பிள்ளை உங்கள் மகள் ஓவியாதான். பதின்மூன்று வயது ஐந்து மாதம். நீங்கள் நிரப்பிக் கொடுத்த தாளில் பார்த்தேன்.

என் பெயர் ஆவுடையப்பன். இங்கே கைப்பந்துக் குழுவுக்கு பாயிண்ட் எழுதுகிறவன். ஆடியதில்லை. ஒரு நாள்கூட இல்லை. எனக்கு உயரமும் இல்லை, நாலு பேர் முன்னால் கையைத் தூக்குகிற சுபாவமும் இல்லை. மில்லில் பேக்கிங் பிரிவில் நூல் சுற்றிய கூம்பு எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முப்பத்துநான்கு வருஷம். ஆறாம் வகுப்புவரைதான் படிப்பு, ஆனால் ஒரு பெட்டிகூட எண்ணிக்கை தப்பித் திரும்பி வந்ததில்லை. ரிட்டயர் ஆனபின் காலையில் இந்த வழியாக நடப்பேன். பாயிண்டுக்காக இவர்கள் தினமும் சண்டை போடுவார்கள். பதினாறா பதினேழா என்று கேட்டபோது பதினாறு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான்தான். ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது.

நான் பேசிக்கொண்டே நோட்டில் கோடு போடுவேன், தப்பாக நினைக்காதீர்கள். காது உங்களிடம் இருக்கும், கண் அங்கே இருக்கும். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வரும். எதிரே முகம் பார்த்தால் வராது.

ஐந்து விதி எப்படி ஒன்பது ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் என் பங்கைக் குறைத்தோ கூட்டியோ சொல்வார்கள். நாளும் தேதியும் என்னிடம்தான் இருக்கிறது.

இதற்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை ஆடினாள் சார். பிளெஸ்ஸி. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அப்பா கேரளாவில் ரப்பர் வெட்டுகிறார், வருஷத்தில் இரண்டு தடவை வருவார். அம்மா சாந்தகுமாரி, வீட்டில் பீடி சுற்றுகிறவர். பிளெஸ்ஸியின் பள்ளிக்கூடத்து மைதானத்தில் புதுக் கட்டடம் எழுப்ப ஆரம்பித்தார்கள், பிள்ளைகளுக்கு ஆட இடமில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு சார் வந்து முருகையாவிடம் கேட்டார். மூன்று பிள்ளைகள், பெரியவர்களோடு காலையில் ஆடட்டும் என்று. முருகையாவை நீங்கள் பார்த்தீர்கள், மின்வாரியத்தில் லைன்மேன், நம்முடைய தலைவர். அவர் சரி என்றார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பர் நான்காம் தேதி மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். இரண்டு பையன்கள் அந்த மாதமே நின்றுவிட்டார்கள், விடியற்காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று. பிளெஸ்ஸி நிற்கவில்லை.

பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் எனக்குத்தான் முதலில் பயம் வந்தது. முருகையா அடிக்கிற பந்தை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவை அந்தக் கம்பத்தில் பட்டு, மேலே இருந்த காக்காய் எல்லாம் பறந்து போயிற்று. அது பிள்ளையின் முகத்தில் பட்டால் என்ன ஆவது? அதனால் நான் உட்கார்ந்து ஐந்து விதி எழுதினேன். பிள்ளைகள் இருக்கிற பக்கம் பார்த்து ஓங்கி அடிக்கக் கூடாது, தள்ளித்தான் விட வேண்டும். பிள்ளைகள் பின்வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தனியாக யாரும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைகளின் போன் நம்பரை யாரும் வாங்கக் கூடாது, சேதி எதுவானாலும் பெற்றவர்களிடம்தான். ஆட்டத்தில் கெட்ட வார்த்தை கூடாது. படித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. கோமதிதான் வாங்கிப் படித்தாள். கோமதி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதோ நீலச் சட்டை போட்டு நிற்கிறாளே அவள்தான். பிளெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வருவதும் கொண்டுபோய் விடுவதும் கோமதிதான் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். கடைசிவரை அது ஒரு நாளும் தவறவில்லை.

மற்ற விதிகளும் அப்படித்தான். பிளெஸ்ஸி ஆடியது எழுபத்தொன்பது நாள். அதில் பிள்ளை இருக்கிற பக்கம் ஓங்கி அடித்தது நான்கே தடவை. நான்கு தடவையும் அடித்தவரே போய் மன்னிப்புக் கேட்டார். கெட்ட வார்த்தைதான் அறுபத்தொன்று. அதில் நாற்பத்துநான்கு ஒரே ஆள், பெயர் வேண்டாம். பெரியவர்களும் பிள்ளையும் சேர்ந்து ஆடுகிற இடத்தில் இவ்வளவு ஒழுங்கு வேறு எங்கேயும் இருந்திருக்காது சார். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பின்வரிசை விதி ஒன்றுதான் நிலைக்கவில்லை. அதையும் மீறல் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்டம் பழைய ஆட்டம். போட்டிகளில் பாயிண்ட் எடுக்க எடுக்க எல்லோரும் இடம் மாறிக்கொண்டே வருவார்கள், முன்னால் நின்றவர் கொஞ்ச நேரத்தில் பின்னால் போய்விடுவார். எங்களிடம் அது கிடையாது. வயிறு தள்ளியவர்கள் பின்னால் நிற்பார்கள், குதிக்கிறவர் வலைக்கு முன்னால் நிற்பார். நின்றவர் நின்ற இடம்தான், ஆட்டம் முடிகிறவரை. இருபது வருஷமாக முன்னால் நின்று அடித்தது முருகையா. செப்டம்பரில் அவருக்கு முட்டி வலி கண்டது. நாற்பத்துமூன்று வயது. எண்ணெய் போட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே பிளெஸ்ஸியைக் கூப்பிட்டு, “ஏ பிள்ள, நீ முன்னால வா, நான் பின்னால நின்னுக்கிடுதேன்” என்றார். அவளுடைய முதல் அடியே எதிர்ப்பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முருகையா என்னைப் பார்த்து, “எப்படிக் குதிக்கா பாத்தியளா அண்ணாச்சி? எண்ணுங்க, அதையும் எண்ணுங்க” என்றார்.

செப்டம்பர் பத்தொன்பது. நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டேன். விதித்தாளில் பின்வரிசைக்கு எதிரே ‘தலைவர் திருத்தியது’ என்று தேதி போட்டு எழுதினேன். தலைவர் மாற்றினால் அது திருத்தம், மீறல் ஆகாது.

அன்றைக்கு ஐம்பத்திரண்டு குதித்தாள்.

ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, “தாத்தா, எத்தனை?” என்றாள். சொன்னேன். மறுநாளும் வந்து கேட்டாள். ஐம்பத்தெட்டு. அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒன்பது வருஷத்தில் என்னிடம் சண்டை இல்லாமல் கணக்குக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் சார். மற்றவர்களுக்குத் தகராறு வந்தால் மட்டும் நான் வேண்டும். அவள் தினமும் கேட்டாள். எனக்குத் தெரியாமலே, அவள் வந்து கேட்பதற்கு முன்பே கூட்டி வைத்திருப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைப்பேன். ‘ஆறு கூட’ என்றால் சிரிப்பாள். ‘மூன்று குறைவு’ என்றால் ஷூவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் மூன்றையும் சேர்த்து எடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை.

அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. ஜனவரியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற தேர்வு. அதில் எடுத்துவிட்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பீடித் தட்டை மடியில் வைக்காமல் படித்து முடித்துவிடலாம் என்று அவள் அம்மா நினைத்தார். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறார்கள் என்று சுவரில் அளப்பார்களாம். வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்து, சாயங்காலம் அதையும் தொட்டுத் தொட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அது என் கணக்கில் வராது. இங்கே நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. இந்தச் செம்மண் தரை சேறாகிவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில்லின் நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் இருக்கிறது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வருஷா வருஷம் மழைக்காலத்தில் நாங்கள் அங்கே வலை கட்டிவிடுவோம். பெரியவர்கள் என்ன குதித்தார்கள், பெரும்பாலும் நின்ற இடத்தில்தான் ஆடுவார்கள். அக்டோபர் இருபத்தொன்றிலிருந்து களம். நோட்டில் இடம் என்கிற பத்தியில் ‘களம்’ என்று எழுதினேன். அதையும் விடவில்லை. டிசம்பர் பதினான்குவரை ஐம்பத்தைந்து நாள். மழையில் பதினான்கு நாள் போயிற்று. ஆடியது நாற்பத்தொன்று.

உங்கள் மகள் நன்றாக எம்புகிறாள். இடுப்பு நேராக இருக்கிறது. பிளெஸ்ஸிக்குக் கொஞ்சம் முன்னால் சாயும்.

களத்துக்குப் போன பிறகு பிளெஸ்ஸியின் கணக்கு ஏறியது. தொண்ணூறு. நூற்று நான்கு. நூறு தாண்டிய அன்று முருகையா எல்லோருக்கும் டீ சொன்னார். அவளுக்குப் பால். டிசம்பர் இரண்டாம் தேதி நூற்று முப்பத்தெட்டு. அதுதான் உச்சம். “இருநூறு ஆக்கிருவேன் தாத்தா” என்றாள். ஆக்கு என்று நான் சொல்லவில்லை சார். ஆனால் அடுத்த பக்கத்தில் இருநூறுவரை இடம் விட்டுக் கட்டம் போட்டு வைத்தேன்.

இனிமேல் சொல்வதில்தான் ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஒன்றைப் பார்த்தேன். குதித்து இறங்கும்போது இடது காலை ஊன்றாமல் வலது காலில் இறங்கினாள். அன்றைக்குப் பதினேழு தடவை. அதற்கும் ஒரு பத்தி போட்டேன், ‘இடது கால்’ என்று. மறுநாள் இருபத்திரண்டு. பிறகு முப்பதைத் தாண்டிவிட்டது. டீ குடிக்கும்போது குந்தி உட்காராமல் காலை நீட்டிக்கொண்டே இருந்தாள். முட்டிக்குக் கீழே ஒரு புடைப்பு, நெல்லிக்காய் அளவு. நான் பார்ப்பதைப் பார்த்துப் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

நான் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். என்னைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. முருகையாவிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் எழுந்து போனேன். முதல் நாள் அவரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். இரண்டாம் நாள் போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தனியாகத்தான் நின்றார். கிட்டே போனேன். “என்ன அண்ணாச்சி?” என்றார். ஒன்றுமில்லை, பந்தில் காற்றுக் குறைவு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பந்தில் காற்றுக் குறைவாகத்தான் இருந்தது.

அதனால் எழுத்தில் கொடுத்தேன். டிசம்பர் எட்டாம் தேதி. ஒரு சீட்டில், ‘பிளெஸ்ஸி இடது கால் 34 தடவை ஊன்றவில்லை, கவனிக்கவும்’ என்று எழுதி, தேதி போட்டு, கம்பத்தில் தொங்கிய அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அந்தச் சட்டை அப்படியே துவைக்கப் போய்விட்டது. அவர் வீட்டுக்காரி பையிலிருந்து கூழாக எடுத்துப் போட்டாளாம். பிறகு முருகையா என்னிடம், “அண்ணாச்சி, ஒரு வார்த்தை வாயால சொல்லிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் சார். தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்தாயிற்று. சட்டையைப் பார்க்காமல் துவைத்ததற்கு நான் என்ன செய்வேன்?

டிசம்பர் பதினான்கு, கடைசி செட். இருபத்தொன்று பத்தொன்பது. கோமதி பந்தைத் தூக்கிக் கொடுத்தாள், நல்ல உயரம். பிளெஸ்ஸி இரண்டு எட்டு ஓடி வந்து குதித்தாள். தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து தனியாக விழுந்தது, அவள் தனியாக விழுந்தாள். அவள் கத்தவில்லை. அடுத்த தெருவில் பால்காரன் மணி அடித்தது கேட்டது, அவ்வளவு அமைதி. கோமதி ஓடிப்போய், யாரும் காலைத் தொடக் கூடாது என்று சத்தம் போட்டாள். வலைக் கம்புக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகையை எடுத்துக் காலோடு சேர்த்துக் கட்டினாள். முருகையா தலையில் கை வைத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பந்து கையில் படவில்லை, அதனால் அந்தக் கடைசிக் குதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு, குதித்தது குதித்ததுதானே என்று சேர்த்துவிட்டேன். நூற்று முப்பத்தொன்று.

அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன், யாரும் வரச் சொல்லவில்லை. பெண் டாக்டர், சின்ன வயசு. படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். வளர்கிற பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பின் ஒரு முனை இன்னும் கெட்டிப்படாமல் குருத்தாகவே இருக்குமாம். தொடையின் பெரிய தசை அதில்தான் கட்டியிருக்கிறது. குதிக்கும்போதெல்லாம் அதை இழுக்கும். இழுத்து இழுத்து, ஒரு நாள் அந்த முனை பெயர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு வெறும் வலியாக வருவது பிள்ளைகளுக்கு இப்படி முடிந்துவிடும் என்றார். திருகாணி போட்டு வைக்க வேண்டும். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிப்பாள் என்று கேட்டார்.

முருகையா கோமதியைப் பார்த்தார். கோமதி பிளெஸ்ஸியின் அம்மாவைப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. அப்போது நான் நோட்டை எடுத்தேன். இவ்வளவு பேர் இருக்கிற அறையில் நான் முதல் தடவையாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். களத்தில் ஆடிய நாற்பத்தொரு நாளில் மொத்தம் நாலாயிரத்து நானூற்று இருபத்தெட்டு, சராசரி நூற்று எட்டு என்று படித்தேன். குரல் நடுங்கவில்லை.

டாக்டர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“இத யாரு எழுதினது?”

“நான்தாம்மா.”

கையெழுத்தைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மில்லில் எல்லோரும் சொல்வார்கள்.

“இடது கால்னு போட்டிருக்கே, இது என்ன?”

“இறங்கும்போது இடது கால ஊனல. அத தனியா எழுதுனேன்.”

“தினமுமா?”

“ஒரு நாள் விடல.”

அவர் நோட்டை மூடி மேஜையில் வைத்தார். என்னிடம் திருப்பித் தரவில்லை, மேஜையில்தான் வைத்தார். சாந்தகுமாரி மேஜைப் பக்கம் வந்தார். பீடி இலை வெட்டி வெட்டிக் கறுத்துப்போன விரல், அதால் நோட்டின் அட்டையைத் தொட்டார். என்னைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணாச்சி, நானும் எண்ணித்தான் பிழைக்கேன். ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவேன். சில நாளு எழுநூறு தாண்டுனா இந்த விரல் கேக்காது, அன்னைக்கு அதோட வச்சிருவேன். எங்க நிறுத்தணும்னு தெரியத்தான எண்ணுதது? நீங்க எதுக்கு எண்ணுனிய?”

இது எனக்குப் புரியவில்லை சார். இன்றைக்குவரை யோசித்துப் பார்க்கிறேன். என் எண்ணிக்கையில் தப்பு இருந்ததா? ஒன்றுகூட இல்லை. பீடி வேறு, இது வேறு. அந்த அம்மா வருத்தத்தில் பேசியது, நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மில்லில் முப்பத்துநான்கு வருஷத்தில் எதற்கு எண்ணுகிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இருபது நாள் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், ஆறு. காலில் கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். சுவரில் அந்தக் கரிக்கோடுகள் இருந்தன. கடைசிக் கோடு என் தலைக்கு மேலே ஒன்றரை முழம். நான் கதவு ஓரத்தில் நின்றேன். அவளாகத்தான் கேட்டாள்.

“தாத்தா, கடைசி அன்னைக்கு எத்தனை?”

“நூத்து முப்பத்தொண்ணு.”

“பந்து கையில படல தாத்தா. அது செல்லாது. அடிச்சிருங்க.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். அடிக்க முடியவில்லை. எழுதியதை நான் அடித்ததே கிடையாது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அந்த ஜனவரித் தேர்வு போயிற்று. இந்த ஜனவரியில் போனாள். ஓடவிட்டுப் பார்த்தார்களாம், வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது நடக்கிறாள், படி ஏறுகிறாள், பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து இலை வெட்டுகிறாள். தெருவில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். எத்தனை என்று கேட்பதில்லை.

முருகையா மூன்று மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது கோமதியும் அவருமாக உட்கார்ந்து புது விதி எழுதினார்கள். என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள், என் கையெழுத்துதான். பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஆட வேண்டும். சிமெண்ட் களத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டமே கிடையாது. ஐந்து பாயிண்டுக்கு ஒரு தடவை எல்லோரும் இடம் மாற வேண்டும், பெரியவர்களும்தான். அதற்கு நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் பெஞ்சில் இருக்க வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். பழைய பின்வரிசை விதி போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது.

பிள்ளை வலைக்கு முன்னால் குதிப்பதை நான் எண்ண வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் அடித்துப் பழகுவதும் சேர்த்துத்தான். நாற்பது ஆனதும் விசில் ஊத வேண்டும். ஊதினால் பிள்ளை உடனே வெளியே வந்து உட்கார வேண்டும், தலைவர் உட்பட யாரும் மறுத்துப் பேசக் கூடாது. நாற்பது என்பது கோமதி அந்த டாக்டரிடம் கேட்டு வந்து போட்ட எண்ணிக்கை. விசில் முருகையா வாங்கியது. இதோ, சட்டைக்குள் கயிற்றில் தொங்குகிறது. பத்து மாதமாகக் கழுத்திலேயே இருக்கிறது, இங்கே ஊதும்படி ஆகவில்லை, பிள்ளைகள் யாரும் வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தடவை ஊதிப் பார்த்தேன். நல்ல சத்தம். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

இங்கே ஊதினால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார்கள் சார். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்.

நாற்பது ஆகி ஆறு நிமிஷம் ஆயிற்று. அப்போதே சொல்லியிருப்பேன். நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், டாக்டர் நோட்டை வாங்கிய இடத்தில் இருந்தோம், நடுவில் விட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் கணக்கில் பிசகு இல்லை. பாருங்கள், ஐந்தைந்தாகக் கட்டுப் போட்டிருக்கிறேன். பத்துக் கட்டு, பக்கத்தில் இரண்டு கோடு. ஐம்பத்திரண்டு.

இந்தாருங்கள், கயிற்றைக் கழற்றித் தருகிறேன். தலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம், கையிலேயே வைத்து ஊதலாம். உங்கள் பிள்ளைதானே, நீங்கள் ஊதினால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்த ஓட்டை இருக்கிற பக்கம் மேலே இருக்க வேண்டும்.

ஐம்பத்துமூன்று.